எல்லையில் லாரி நிற்காமல் இருக்க: தொற்றுக் காலத்தில் சுங்க ஒன்றியம் என்ன செய்ய வேண்டும்

2020 ஏப்ரல் கடைசி, கொரோனா பரவிக்கொண்டிருந்த காலம். கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் நடுவே மலாபா என்று ஓர் எல்லை ஊர். மொம்பாசா துறைமுகத்திலிருந்து கம்பாலாவுக்குப் போகும் லாரிகள் அங்கே பல கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசை கட்டி நிற்கின்றன. டிரைவர்கள் வண்டியிலேயே தூங்கி எழுந்து நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் இந்த இரண்டு நாடுகளும் 2005 முதல் ஒரே சுங்க ஒன்றியத்தில், அதாவது தங்களுக்குள் சுங்க வரி போடாத கூட்டில், இருப்பவை. பல வண்டிகளில் சரக்குக்கு வரி கட்டியாகிவிட்டது, ஆவணங்கள் சரியாக இருக்கின்றன, சீல் உடையவில்லை. டிரைவரின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிக்கு ஆய்வு முடிவு இன்னும் வரவில்லை, அதனால்தான் வண்டி நிற்கிறது.

சுங்கத் துறையிலோ, சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்திலோ, எல்லைச் சுகாதாரப் பணியிலோ, பிராந்திய அமைப்பு ஒன்றின் செயலகத்திலோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்திலிருந்து வரும். கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா முதலிய நாடுகள் சேர்ந்த அமைப்பு அது. அங்கேதான் பிரச்சினையும் தீர்வும் இரண்டும் வெளிச்சமாகத் தெரிந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தையும் இடையிடையே தொடுவேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கை எல்லை தாண்ட வைப்பது எப்படி என்று சுங்க ஒன்றியங்களுக்கு நன்றாகவே தெரியும், அதற்காக அவை பல வருடம் உழைத்திருக்கின்றன. அந்தச் சரக்கை ஓட்டிக்கொண்டு வருகிற ஆளை எல்லை தாண்ட வைக்கத்தான் அவை தயாராக இல்லை. கீழே உள்ள எல்லாப் படிகளும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரும்.

முதல் படி: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

அவசரநிலை வந்ததும் எல்லோரும் புதிதாக ஏதாவது செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் உங்கள் ஒன்றியத்தில் ஏற்கெனவே என்ன ஏற்பாடு இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதுங்கள்.

சுங்க ஒன்றியம் என்றால் உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா நாடுகளும் ஒரே வரி போடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதற்கான ஒப்பந்தம் 2004 மார்ச்சில் கையெழுத்தாகி 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் மேலே 2014 முதல் அங்கே ஒற்றைச் சுங்கப் பகுதி என்ற ஏற்பாடு ஓடுகிறது. உகாண்டாவுக்குப் போகும் கன்டெய்னர் மொம்பாசாவில் இறங்கியதும் அதற்கான அறிவிப்பு உகாண்டாவின் சுங்க அமைப்பில் பதிவாகும், வரியும் அங்கேயே கட்டப்படும், அதன் பிறகு துறைமுகத்திலிருந்து வண்டி கிளம்பும். எல்லைக்கு வருவதற்குள் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மொம்பாசாவிலிருந்து கம்பாலாவுக்கு 18 நாள் ஆன பயணம் நாலைந்து நாளாகக் குறைந்தது என்று அங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்வது இதை வைத்துத்தான்.

ஒரே நிறுத்த எல்லைச் சாவடி என்பது இன்னொன்று. மலாபா, புசியா, நமங்கா, முட்டுகுலா, ருசுமோ போன்ற இடங்களில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி ஒரு நாட்டை விட்டு வெளியேற ஒரு முறை, அடுத்த நாட்டுக்குள் நுழைய ஒரு முறை என்று இரண்டு தடவை நிற்காமல் ஒரே தடவையில் வேலையை முடித்துக்கொள்ளும். மூன்றாவதாக மின்னணு சீல். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றும் 2017-ல் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு இது. கன்டெய்னர் எங்கே இருக்கிறது, வழியில் யாராவது திறந்தார்களா, பாதை மாறியதா என்று மூன்று தலைநகரங்களிலும் திரையில் பார்க்கலாம்.

இதையெல்லாம் நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொற்றுக் காலத்தில் நீங்கள் தேடுகிற விடை பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கும். கன்டெய்னரின் நகர்வை மூன்று நாடுகள் சேர்ந்து பார்க்க முடிகிறது என்றால், டிரைவரின் பரிசோதனைச் சான்றையும் அதே மாதிரி சேர்ந்து பார்க்க முடியும். இது 2020-ல் நடைமுறைக்கு வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது.

இரண்டாவது படி: சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது வறட்டு வேலைதான், ஆனால் கூட்டத்தில் யாராவது "எல்லையை மூடிவிடலாம்" என்று சொல்லும்போது உங்கள் கையில் பேப்பர் இருக்க வேண்டும்.

2005-ல் ஏற்கப்பட்டு 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள்தான் அடிப்படை. நோய் பரவலைத் தடுக்க வேண்டும், ஆனால் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் தேவையில்லாத இடையூறு கூடாது என்பதே அதன் நோக்கமாக இரண்டாம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. 43-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததற்கு மேலே ஒரு நாடு கூடுதல் கட்டுப்பாடு போட்டு அது போக்குவரத்தைக் கணிசமாகப் பாதித்தால், 48 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனத்துக்கு அதைத் தெரிவித்து, சுகாதாரக் காரணம் என்ன என்றும் சொல்ல வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் விதிகள் மனித உயிரைக் காக்க வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த அனுமதிக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உள்நாட்டு வியாபாரத்தைக் காக்க வெளிச்சரக்கைத் தடுக்கும் மறைமுகப் பாதுகாப்புவாதமாக இருக்கக் கூடாது.

இந்த விதிகளை நாடுகள் மீறின, நிறையவே மீறின. எல்லையை மூடித் திறந்த ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். 2019-ல் காங்கோவின் கிழக்கில் எபோலா பரவிக்கொண்டிருந்தது. ஜூலை 17 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைச் சர்வதேச அவசரநிலையாக அறிவித்தது, எந்த நாடும் எல்லையை மூடவோ வணிகத்தைத் தடுக்கவோ வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னது. கோமா நகரத்துக்கும் ருவாண்டாவின் கிசெனிக்கும் நடுவே தினமும் பல்லாயிரம் பேர் நடந்தே எல்லை தாண்டுகிறார்கள். ஆகஸ்ட் 1 அன்று ருவாண்டா அந்த எல்லையை மூடியது, பிறகு அன்றைக்கே திறந்துவிட்டது. மூடினால் மக்கள் வீட்டில் உட்கார்ந்துவிட மாட்டார்கள், சாவடி இல்லாத ஒற்றையடிப் பாதைகளில் தாண்டுவார்கள். அங்கே கை கழுவத் தண்ணீரும் இருக்காது, காய்ச்சல் பார்க்கிற ஆளும் இருக்க மாட்டார். நோயைத் தடுக்க நினைப்பவர்கள்தான் எல்லைச் சாவடி திறந்திருக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது படி: முதல் மூன்று நாளில் ஒரே குரலில் பேசுங்கள்

கென்யா தன் முதல் கொரோனா நோயாளியை 2020 மார்ச் 13-ல் அறிவித்தது. அடுத்த நாள் ருவாண்டா, 16-ல் தான்சானியா, 21-ல் உகாண்டா. நாலு நாடும் எட்டே நாளில். ஒவ்வொன்றும் தன் போக்கில் அறிவிப்பு வெளியிட்டது. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் அமைச்சர்கள் காணொளியில் கூடி, சரக்கு தடையில்லாமல் போக வேண்டும், ஒரு வண்டியில் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றெல்லாம் முடிவெடுத்தது மார்ச் 25-ல். முடிவு நல்ல முடிவுதான். ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரியின் மேஜைக்கு அது எப்படி வந்து சேர்ந்தது, பரிசோதனை எங்கே, யார் செலவில், எத்தனை நாள் செல்லும் என்ற கேள்விகளுக்கு அவருக்கு யார் பதில் சொன்னார்கள் என்பதுதான் விஷயம்.

அதனால் முதல் மூன்று நாளில் செய்ய வேண்டியது இதுதான்: "சரக்கு வண்டிகளுக்கு எல்லை திறந்திருக்கிறது" என்று எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வாசகத்தில், ஒரே நாளில், டிரைவர்களுக்குப் புரிகிற மொழியில் அறிவிக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் என்றால் சுவாஹிலி. எந்தெந்தச் சாவடி, எந்நேரம், என்ன காட்ட வேண்டும் என்பது ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்.

"அத்தியாவசியப் பொருள்" பட்டியல் போட்டு அதை மட்டும் விடலாம் என்ற யோசனை கண்டிப்பாக வரும். நான் அதை எதிர்ப்பேன். பாலை விடுவீர்கள், பால் பாக்கெட்டுக்கான பிளாஸ்டிக் சுருளை நிறுத்துவீர்கள். மருந்தை விடுவீர்கள், மருந்துக் குப்பியின் மூடியை நிறுத்துவீர்கள். விதைப்புக் காலத்தில் உரம் நின்றால் அடுத்த அறுவடையில் பசி வரும். எது எதற்குத் தேவை என்று எல்லையில் நிற்கிற ஒருவரால் முடிவு செய்ய முடியாது, அவரிடம் அந்தச் சுமையைக் கொடுப்பதும் சரியில்லை. சரக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மருத்துவப் பொருளுக்கும் அழுகும் பொருளுக்கும் முன்வரிசை கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2020 மார்ச் 23-ல் பசுமைத் தடம் என்று அறிவித்தது கிட்டத்தட்ட இப்படித்தான். எந்தச் சரக்காக இருந்தாலும் குறிப்பிட்ட எல்லைகளில் 15 நிமிடத்துக்குள் வண்டி தாண்ட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அதற்கு முந்தைய வாரம் ஜெர்மனி, போலந்து எல்லையில் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்று தெரியும்.

நான்காவது படி: சரக்கின் ஆவணங்களை முன்னதாகவே முடியுங்கள்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் சுங்கக்காரர்களுக்கு இது கைவந்த வேலை. வண்டி வருவதற்கு முன்பே அறிவிப்பை வாங்கி, சரிபார்த்து, வரியையும் முடித்துவிடுங்கள். மூலப் பத்திரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் ஸ்கேன் செய்த நகலை ஏற்றுக்கொள்ளுங்கள், மூலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மின்னணு சீல் உடையாமல் வந்த கன்டெய்னரை நடுவழியில் திறக்காதீர்கள். அழுகும் சரக்கை எவ்வளவு குறைந்த நேரத்தில் முடியுமோ அவ்வளவு நேரத்தில் விட வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அது 2017 முதல் நடைமுறையில் உள்ளது. தக்காளி லோடு இரண்டு நாள் நின்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மருத்துவப் பொருட்களுக்கான சுங்கக் குறியீட்டுப் பட்டியலை முன்பே அச்சிட்டு ஒவ்வொரு சாவடியிலும் ஒட்டி வையுங்கள். உலகச் சுங்க அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2020-ல் அப்படி ஒரு பட்டியல் வெளியிட்டன. துணி முகக்கவசம் 6307.90, செயற்கைச் சுவாசக் கருவி 9019.20, பரிசோதனைக் கருவிகளில் பல 3822 என்று போகும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இந்த எண்ணில் வருகிற குழப்பத்தாலேயே ஒரு பெட்டி சோதனைக் கருவி ஒரு வாரம் கிடங்கில் கிடக்கலாம்.

ஐந்தாவது படி: டிரைவர்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கப் போகிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2020 ஏப்ரலில் உகாண்டா எல்லையில் எல்லா டிரைவர்களிடமும் மாதிரி எடுக்க ஆரம்பித்தது. மாதிரி ஆய்வுக்கு என்டெபியில் உள்ள வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம் வரை போக வேண்டும், அது எல்லையிலிருந்து வெகு தூரம். முதலில் மாதிரியைக் கொடுத்துவிட்டு டிரைவர் கிளம்பிப் போய்விடுவார். முடிவு வரும்போது அவர் கம்பாலாவையும் தாண்டியிருப்பார், எங்கெங்கே சாப்பிட்டார், யாரைப் பார்த்தார் என்று சுகாதார ஊழியர்கள் தேடி அலைய வேண்டும். மக்கள் பயந்தார்கள், கோபப்பட்டார்கள். சரி, முடிவு வரும் வரை எல்லையிலேயே நில் என்று விதி மாறியது. உடனே வரிசை பல கிலோமீட்டராக நீண்டது. இதற்கு நடுவே கென்யாவில் "தொற்று இல்லை" என்று சான்று வாங்கி வந்தவருக்கு எல்லையில் மறுபடி பரிசோதனை, சில சமயம் இரண்டிலும் முடிவு வேறு வேறு.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. உகாண்டாவுக்குத் தன் மக்களைக் காக்க வேண்டும் என்ற அக்கறை. குறை எங்கே என்றால், ஒரு நாட்டின் சுங்க முத்திரையை அப்படியே நம்புகிற பக்கத்து நாடு, அதே நாட்டின் ஆய்வகச் சான்றை நம்ப ஏற்பாடு இல்லாமல் போனது.

ஆகவே செய்ய வேண்டியவை.

பரிசோதனையை எல்லையில் வைக்காதீர்கள், பயணம் தொடங்கும் இடத்தில் வையுங்கள். மொம்பாசாவிலோ நைரோபியிலோ லோடு ஏற்றுவதற்கு முன்பே மாதிரி கொடுத்து, முடிவு வந்த பிறகு வண்டியை எடுக்கட்டும். லோடுக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே அது முடிந்துவிடும். எல்லையில் செய்வது சான்றைப் பார்ப்பதும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதும் மட்டும்தான்.

ஒரு நாட்டின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கொடுத்த சான்று எல்லா உறுப்பு நாடுகளிலும் செல்ல வேண்டும். இதற்கு ஆய்வகங்களின் பட்டியலை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரே விதமான பரிசோதனை முறை வேண்டும், ஒரு சான்று எத்தனை நாள் செல்லும் என்பதும் பொதுவாக இருக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் 14 நாள் என்று வைத்தார்கள். கையில் பேப்பர் மட்டும் இருந்தால் போலிச் சான்று கட்டாயம் வரும், அதனால் சான்று ஒரு பொதுத் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும்.

2020 மே 12-ல் கென்யா, உகாண்டா, ருவாண்டா, தென் சூடான் தலைவர்கள் காணொளியில் பேசி, டிரைவர்களுக்கான பொதுச் சான்றும் மின்னணுக் கண்காணிப்பும் வேண்டும் என்று பணித்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் பிராந்திய மின்னணுச் சரக்கு மற்றும் ஓட்டுநர் கண்காணிப்பு அமைப்பு. சரக்குக்கு இருந்த கண்காணிப்பில் டிரைவரையும் சேர்த்தார்கள். டிரைவரின் போனில் ஒரு செயலி, அதில் அவருடைய பரிசோதனை முடிவு, எல்லையில் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு வண்டியைப் போக விடுவார். தொற்று உறுதியானால் அவர் நின்ற இடங்களையும் அதிலிருந்தே எடுக்கலாம். செப்டம்பர் வாக்கில் அது ஓடத் தொடங்கியது, எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே நேரத்தில் சேரவில்லை. மார்ச்சில் இருந்திருக்க வேண்டியது அது. நீங்கள் புதிதாக வேலைக்கு வந்திருப்பவர் என்றால், உங்கள் ஒன்றியத்தில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லை என்றால், அமைதியான காலத்திலேயே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றை வைத்து அதைப் பழக்கிப் பாருங்கள்.

எல்லைக்குப் பக்கத்தில் ஆய்வகம் வேண்டுமா என்றால், வேண்டும், அவசரத் தேவைக்கு. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்துக்கு ஜெர்மன் நிதியுதவியில் ஒன்பது நடமாடும் ஆய்வகங்கள் கிடைத்தன. எபோலா போன்ற கொடிய நோய்களுக்கென்று தொடங்கிய திட்டம், கொரோனாவுக்கும் உதவியது. முன்பே தயாராக இருந்த ஒன்று என்ன செய்யும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அடுத்து, டிரைவருக்குத் தொற்று உறுதியானால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைக்காத திட்டம் பாதித் திட்டம். அவரை எந்த நாட்டு மருத்துவமனையில் சேர்ப்பது, செலவு யாருடையது, வண்டியைக் கிருமி நீக்கி யார் ஓட்டிக்கொண்டு போவது, அவர் குடும்பத்துக்கு யார் தகவல் சொல்வது, எல்லாவற்றுக்கும் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். வெளிநாட்டு டிரைவரைத் திருப்பி அனுப்பிவிடுவது சுலபமாகத் தோன்றும். ஆனால் அப்படி அனுப்பத் தொடங்கினால் அடுத்தவர் அறிகுறியை மறைப்பார்.

வழியில் நிற்கும் இடங்களையும் மறந்துவிடாதீர்கள். உகாண்டா சில இடங்களை மட்டும் அதிகாரப்பூர்வ நிறுத்தங்களாக அறிவித்து, வேறெங்கும் நிற்கக் கூடாது என்றது. யோசனை சரி. ஆனால் அந்த இடத்தில் கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், சூடான சாப்பாடு, படுக்க இடம் இல்லையென்றால் யார் கேட்பார்கள்? மொம்பாசாவிலிருந்து கம்பாலா 1,100 கிலோமீட்டருக்கு மேல். எங்காவது நின்றுதான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது. தினசரி அறிக்கையில் "இன்று தொற்று உறுதியானவர்களில் இத்தனை பேர் லாரி டிரைவர்கள்" என்று வாசிக்க வாசிக்க, ஊர் மக்கள் அவர்களை நோயாகவே பார்க்க ஆரம்பித்தார்கள். கடையில் டீ கொடுக்க மறுத்தார்கள். டிரைவர்கள் மலாபாவில் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்த அவமானமும் ஒரு காரணம். மருத்துவமனைக்கு மருந்து கொண்டு வருகிறவரும் அவர்தான் என்பதை அரசே தினமும் சொல்லியிருக்க வேண்டும். எண்ணிக்கையை வெளியிடுங்கள், அதோடு அவர்களுக்கான மரியாதையையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆறாவது படி: எல்லையில் ஆள் மாற்றுவது, சரக்கு மாற்றுவது பற்றி நன்றாக யோசியுங்கள்

ருவாண்டா வேறு வழியை முயன்றது. தான்சானியாவிலிருந்து வரும் வண்டிகள் ருசுமோ எல்லையில் நின்றுவிட வேண்டும், அங்கிருந்து ருவாண்டா டிரைவர் எடுத்துக்கொண்டு போவார். காகிதத்தில் அழகான தீர்வு, நாட்டுக்குள் வெளியாள் யாரும் வரவில்லை. ஆனால் லாரி சொந்தக்காரர் முகம் தெரியாத ஒருவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டும். விபத்து நடந்தால் காப்பீடு செல்லுமா? டயர் போனால் யார் பொறுப்பு? தான்சானிய டிரைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், இரண்டு நாடுகளும் மே மாதம் பேசி, சரக்கை எல்லையில் மாற்றிக்கொள்ளலாம், அழுகும் சரக்கு போன்றவற்றைப் பாதுகாப்போடு உள்ளே கொண்டுபோகலாம் என்று இறங்கி வந்தன.

இந்த முறையை நீங்கள் பரிந்துரைக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் காப்பீட்டு நிறுவனங்களோடும் லாரி உரிமையாளர் சங்கங்களோடும் பேசுங்கள். கன்டெய்னரை மட்டும் கழற்றி மாட்டக்கூடிய இழுவை வண்டிகளுக்கு இது ஒத்துவரும். மூட்டை மூட்டையாக ஏற்றிய வண்டிக்கு ஒத்துவராது, ஏனென்றால் இறக்கி ஏற்றும் கூலியாட்கள் பத்துப் பேர் கூடுகிற இடமே புதிய பரவல் மையமாகிவிடும்.

ரயில், ஏரி வழிகளையும் பாருங்கள். ஒரு ரயிலுக்கு எத்தனை ஓட்டுநர், ஒரு கப்பலுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டாலே புரியும். விக்டோரியா ஏரியில் ரயில் பெட்டிகளை அப்படியே ஏற்றிக்கொண்டு உகாண்டாவின் போர்ட் பெல்லுக்குப் போகிற கப்பல்கள் உண்டு. கென்யா 2020-ல் தன் நாட்டுக்குள்ளேயே உள்ள நைவாஷா வரை ரயிலில் கொண்டுபோய் அங்கிருந்து லாரியில் ஏற்றலாம் என்று சொன்னபோது உகாண்டா வணிகர்கள் கூடுதல் செலவாகும் என்று எதிர்த்தார்கள். நெருக்கடியின் நடுவில் திடீரென்று புதிய வழியைக் கட்டாயமாக்கினால் இப்படித்தான் ஆகும். சாதாரண நாட்களிலேயே கொஞ்சம் சரக்கு அந்த வழியாகப் போய்ப் பழகியிருந்தால் கதை வேறு.

ஏழாவது படி: ஒன்றியத்துக்குள் ஏற்றுமதித் தடை போடாதீர்கள்

2020 மார்ச் தொடக்கத்தில் பிரான்சும் ஜெர்மனியும் முகக்கவசம் போன்றவை வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டன. அதே நாட்களில் இத்தாலி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. சுங்க ஒன்றியம் என்ற பெயருக்கே அடி அது. மார்ச் 15-ல் ஐரோப்பிய ஆணையம் ஒரு வழி கண்டது. ஒன்றியத்துக்கு வெளியே போகும் பாதுகாப்புப் பொருட்களுக்குப் பொதுவான அனுமதிமுறை, அதற்குப் பதிலாக உள்ளே உள்ள தடைகளை எடுக்க வேண்டும். ஏப்ரல் 3-ல் மருத்துவப் பொருட்களுக்கான இறக்குமதி வரியையும் மதிப்புக்கூட்டு வரியையும் தள்ளுபடி செய்ய அனுமதித்தது, ஜனவரி 30 முதல் முன்தேதியிட்டு. ரஷ்யா, கசகஸ்தான் முதலிய நாடுகள் உள்ள யூரேசியப் பொருளாதார ஒன்றியமும் மார்ச்சிலேயே மருத்துவப் பொருட்களுக்கு வரியைப் பூஜ்யமாக்கியது.

பொது வெளிவரி இருக்கிற ஒன்றியத்தில் ஒரு நாடு மட்டும் தனியாக வரி குறைத்தால், அந்த நாட்டு வழியாகச் சரக்கு நுழைந்து பக்கத்து நாட்டுக்குப் போகும், அப்புறம் சண்டை வரும். அதனால் வரிச்சலுகை எல்லா நாட்டுக்கும் சேர்ந்தே வர வேண்டும். அதற்கான முடிவின் வரைவை இப்போதே எழுதி வைத்து, தேதியை மட்டும் காலியாக விடுங்கள். வெளி ஏற்றுமதிக்குத் தடை போடும்போது, ஒன்றியத்தைச் சுற்றியுள்ள சின்ன நாடுகள் உங்களையே நம்பியிருக்கலாம் என்பதையும் பாருங்கள்.

எட்டாவது படி: தலைச்சுமை வணிகர்களை விட்டுவிடாதீர்கள்

லாரி போய்விட்டது, வணிகம் ஓடுகிறது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். புசியாவிலும் கிசெனியிலும் தக்காளிக் கூடை, முட்டை அட்டை, பழைய துணி மூட்டையோடு தினமும் எல்லை தாண்டுகிற பெண்களை அந்த அறிக்கையில் காண முடியாது. அவர்களுக்கென்றே எளிய நடைமுறை உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் 2,000 டாலர் மதிப்பு வரையிலான சரக்குக்கு எல்லையிலேயே எளிய சான்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 2020-ல் மனிதர்கள் தாண்டுவதே நின்றபோது அந்தச் சலுகை பயன்படாமல் போனது. லாரியில் வைத்தால் தாண்டலாம், தலையில் வைத்தால் தாண்ட முடியாது என்ற நிலை.

ஒரு வழி, சரக்கைச் சேர்த்து அனுப்புவது. இருபது முப்பது பேர் கூட்டுறவாகச் சேர்ந்து, எல்லாருடைய சரக்கையும் ஒரே வண்டியில் ஏற்றி, ஒருவரோ இருவரோ மட்டும் கூடப் போவது, மறுபக்கத்தில் வாங்குபவர் வந்து எடுத்துக்கொள்வது, பணம் போன் வழியாக வருவது. கிழக்கு ஆப்பிரிக்காவில் போனில் பணம் அனுப்பும் வழக்கம் முன்பே ஊறிப்போயிருந்ததால் இது முடிந்தது. இந்தக் கூட்டுறவுகளை எல்லைச் சாவடியில் முன்பே பதிவு செய்து வையுங்கள். யார் யாருக்கு எந்தக் கூடை என்று ஒரு நோட்டு இருந்தால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே நம்பிக்கையான ஒரு தலைவி இருப்பார், அவரிடம் போய் முதலில் பேசுங்கள். சோதனைக்குக் கட்டணம் வைத்தால் லாரிக்காரர் கட்டிவிடுவார், இவர்களால் முடியாது. அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று நான் உறுதியாகவே சொல்கிறேன்.

கடைசிப் படி: தினமும் எண்ணுங்கள், முடிவு தேதி போடுங்கள்

ஒவ்வொரு எல்லையிலும் இன்று எத்தனை வண்டி வந்தது, எத்தனை தாண்டியது, அதிகமாகக் காத்திருந்த வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, எந்தக் காரணத்துக்காக நின்றது என்று நாலு எண்களை இரு நாட்டு அதிகாரிகளும் மாலையில் ஒரே குழுவில் பகிர வேண்டும். வாட்ஸப் போதும். சுகாதாரத் துறை ஆளும் சுங்க ஆளும் லாரி சங்கத்து ஆளும் அந்தக் குழுவில் இருக்கட்டும். வரிசை இரண்டு கிலோமீட்டர் ஆனதும் யாருக்குப் போன் போக வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும், இருபது கிலோமீட்டர் ஆகும் வரை காத்திருந்தால் அதைக் கரைக்கவே பல நாள் ஆகும்.

அப்புறம், போடுகிற ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் இந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். தேதி வந்ததும் மறுபடி உட்கார்ந்து, தேவையென்றால் நீட்டலாம். தேதி இல்லாத கட்டுப்பாடு நோய் போன பிறகும் எல்லையில் மிஞ்சி நிற்கும், அதற்கென்று ஒரு கட்டணமும் ஒரு மேஜையும் ஒரு முத்திரையும் முளைத்துவிட்டால் எடுப்பது கஷ்டம்.

நாளைக்கே ஒரு வேலையோடு தொடங்க வேண்டும் என்றால், உங்களுக்குப் பக்கத்தில் உள்ள எல்லைச் சாவடிக்குப் போய், வரிசையில் நிற்கும் டிரைவர் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். எங்கே கிளம்பினார், எங்கெல்லாம் நின்றார், யார் யார் என்னென்ன பேப்பர் கேட்டார்கள், காய்ச்சல் வந்தால் எங்கே போவார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசிக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்றால், உங்கள் திட்டத்தை அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.